மருத்துவப் படிப்பை மாற்றினால் டாக்டர்கள் மேல் நம்பிக்கை திரும்புமா?

ஓரளவு திரும்பும், ஆனால் பாடத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது. இந்தியாவில் 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் ஏட்காம் என்று ஒரு பகுதி. மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் அதில்தான். அப்புறம் மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களைப் போய்ப் பார்த்துவரும் திட்டமும் வந்திருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது, ஏனென்றால் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி ஏன் சர்க்கரை மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போடுகிறார் என்று ஒருமுறை பொறுமையாகக் கேட்டவனுக்கு, 'ஒழுங்கா மாத்திரை போட மாட்டியா' என்று ஓ.பி.யில் கத்த அவ்வளவு சீக்கிரம் வாய் வராது.

சிக்கல் வார்டில்தான். அப்பாவை அட்மிட் செய்திருந்தபோது (ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்) ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நிற்க, அப்பாவின் வயிற்றை அழுத்திக்கொண்டே முழுக்க ஆங்கிலத்தில் பாடம் நடத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "என்னப்பா சொன்னாங்க, கேன்சரா?" என்று அப்பா என்னிடம் கேட்டார். வெறும் பித்தப்பைக் கல்! ஒரு மாணவி மட்டும் திரும்பி வந்து தமிழில் இரண்டு நிமிடம் விளக்கினார், அதற்கப்புறம்தான் அப்பாவுக்குத் தூக்கமே வந்தது.

மாணவர்கள் வார்டில் பார்த்ததைத்தான் நாளைக்குச் செய்வார்கள், அதனால் முதல் பயிற்சி பேராசிரியர்களுக்கு வேண்டும். தேர்விலும் சரி, விளக்கம் புரிந்ததா என்று அந்த நோயாளியையே கேட்டு மதிப்பெண் போடட்டும்.