கேஎல்ஐஏ-வில் இறங்கி, ஜேம் நேரத்தில் ஹோட்டல் போய்ச் சேர்வது எப்படி? சுங்கை சிப்புட்காரர்களின் கேள்விகள்

தீபாவளியோ கல்யாண மாதமோ நெருங்கினால் சுங்கை சிப்புட்டில் பல வீடுகளுக்குத் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் வரும். வருகிறவர்கள் ஓரிரு ராத்திரி கேஎல்லில் தங்கி, பத்துமலை பார்த்து, துணிமணி வாங்கிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வருவார்கள். கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரைக்குமான அந்த ஒரு பயணம் பற்றி நம் ஊரில் கேட்கப்பட்ட கேள்விகளும், அந்தத் தடத்தில் பயணிகளை ஏற்றி இறக்கும் தொழிலில் இருப்பவரின் பதில்களும் இங்கே. கட்டணங்களைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஹீவுட் தோட்டத்து அக்கா: அண்ணே, நாத்தனார் குடும்பம் திருச்சியில இருந்து வர்றாங்க. நாலு பேர், பெரிய பெட்டி நாலு. சாயங்காலம் நாலரைக்கு விமானம் இறங்குது. ஹோட்டல் மஸ்ஜிட் இந்தியாவுல. கிரேப் காரா, ரயிலா?

விமானம் இறங்கும் நேரத்தை விடுங்கள் அக்கா, வெளியே வரும் நேரத்தைப் பாருங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆக ஐந்தே முக்கால். அப்போது காரில் ஏறினால் முதல் ஐம்பது கிலோமீட்டர் பெரிய தொல்லை தராது. நெடுஞ்சாலை ஓரளவு ஓடும். சிக்கல் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில்தான். ஜாலான் துன் ரசாக்கில் நின்று, சிக்னலுக்கு சிக்னல் நகர்ந்து, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானுக்குள் நுழையும்போது ஏழரை ஆகிவிடும். சனிக்கிழமை என்றால் பக்கத்துச் சந்தில் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை வேறு. ஹோட்டல் வாசலுக்கே கார் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விரைவு ரயிலான கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். ஜேம் அதைத் தொடாது. ஆனால் ஆளுக்கு 55 வெள்ளி. நாலு பேருக்கு 220. அதோடு கேஎல் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டி எனும் நகர ரயிலைப் பிடிக்க வேண்டும். மஸ்ஜிட் ஜாமெக் இரண்டாவது நிறுத்தம்தான், ஆனால் ஆறரை மணிக்கு அந்த எல்ஆர்டி ஓடும் கிளானா ஜெயா தடத்தில் ஆளே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பெரிய பெட்டி நாலையும் அதில் ஏற்ற முடியாது.

உங்கள் நாத்தனாருக்கு நான் சொல்வது, அவசரப்பட வேண்டாம். விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டு, ஏழரைக்கு மேல் ஆறு இருக்கை கிரேப் எடுக்கட்டும். நூறு வெள்ளியைச் சுற்றி வரும், டோல் தனி. சாதாரண நாலு இருக்கையைத் தட்டிவிட்டால் மைவி, சாகா மாதிரிச் சின்னக் கார்தான் வரும். பின் பெட்டியில் பெரியது இரண்டுக்கு மேல் ஏறாது. ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் மறுபடி புக் செய்து நிற்க வேண்டும்.

ஒருவர் இருவர், கைப்பெட்டி மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான்.

லிந்தாங் சாலைத் தம்பி: எங்க மாமா வர்ற விமானம் காலைல ஏழு மணிக்கு. காலையிலும் ஜேம் இருக்குமா அண்ணே?

மாலையை விடக் காலைதான் மோசம், தம்பி. ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை புத்ராஜெயா, சைபர்ஜெயா, பாங்கி, காஜாங் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க நகரத்தை நோக்கித்தான் ஓடும். மாமாவும் அதே திசை. நள்ளிரவில் தமிழ்நாட்டில் கிளம்பும் விமானங்கள் இந்த நேரத்தில் வந்து இறங்குவதுதான் வழக்கம். எட்டு மணிக்கு வெளியே வந்து நேராக ஜேமில் போய் உட்காருவார்கள்.

இதில் பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று: ஹோட்டலில் அறை கிடைப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. அடித்துப் பிடித்து ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்து வரவேற்பறை சோபாவில் உட்காருவதற்கு, விமான நிலையத்தில் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பலாம். முன்கூட்டி அறை வேண்டுமென்றால் ஹோட்டலை அழைத்துக் கேளுங்கள். சிலர் காலியாக இருந்தால் கொடுப்பார்கள், சிலர் கூடுதல் காசு கேட்பார்கள். பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள எந்த ஹோட்டலும் மறுப்பது அரிது. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி உண்டு. அதை முகப்பில் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று மாமா சண்டைக்குப் போக வேண்டாம்.

பாசார் பக்கம் மளிகைக்கடைக்காரர்: முதல் முனையம், இரண்டாம் முனையம்னு குழப்புறாங்களே, எது எது?

ஏர் ஏசியா என்றால் இரண்டாம் முனையம், அதாவது பழைய பெயரில் கேஎல்ஐஏ2. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்தேக் ஏர், இண்டிகோ எல்லாம் முதல் முனையம். மாறிப் போய்விட்டால் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ரயிலில் மூன்று நிமிடம், இரண்டு வெள்ளி. இலவச பஸ்ஸும் ஓடுகிறது, ஆனால் காத்திருக்க வேண்டும். கிரேப் புக் செய்யும்போது முனையத்தைத் தப்பாகத் தட்டினால்தான் தலைவலி. ஓட்டுநர் சுற்றி வருவதற்குள் வண்டி ரத்தாகிவிடும்.

எல்பில் தோட்டத்திலிருந்து ஒருவர்: வர்றவங்க கையில உள்ளூர் சிம் இல்ல. நான் இங்கிருந்தே கிரேப் போட்டுக் கொடுக்கலாமா?

தாராளமாகப் போடலாம். மூன்று இடத்தில் தவறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும் இடம் தானாகவே நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும், அதாவது சுங்கை சிப்புட்டை. அதை அழித்துவிட்டு முனையத்தையும் வாசல் எண்ணையும் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, பணம் கொடுப்பது ரொக்கமா உங்கள் அட்டையா என்று முன்பே முடிவு செய்யுங்கள். ரொக்கம் என்றால் அவர்கள் கையில் ரிங்கிட் இருக்க வேண்டும், ஐம்பதும் இருபதுமாக. டோலையும் சேர்த்துத்தான் கடைசித் தொகை வரும் என்று சொல்லி வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: பெட்டி கைக்கு வந்துவிட்டது என்று அவர்கள் செய்தி அனுப்பிய பிறகு புக் செய்யுங்கள். விமானம் இறங்கிவிட்டது என்று இணையத்தில் பார்த்ததும் அவசரப்பட்டுத் தட்டினால், கார் வந்து நிற்கும், சில நிமிடங்களில் காத்திருப்புக் கட்டணம் ஏறும், அப்புறம் ரத்தாகும்.

விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. வாசலுக்கு வெளியே போனால் பலவீனமாகிவிடும். அதனால் காரின் எண்ணும் நிறமும் உள்ளே நிற்கும்போதே அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும். இன்னும் நல்லது, ஊரில் கிளம்பும் முன்பே அவர்களின் இந்திய எண்ணிலேயே கிரேப் பதிவு செய்துவிடுவது. இங்கே இறங்கிப் பதிவு செய்யப் போனால், ரோமிங் இல்லாத எண்ணுக்கு ஓடிபி வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டேக் எனும் மின் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், 2024 ஜனவரி முதல் கட்டாயம். இலவசம்தான். காசு கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். இதை நிரப்பாமல் வந்து வரிசையில் நின்று கைப்பேசியைத் தடவுவதில்தான் பாதி நேரம் போகிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: கேஎல் சென்ட்ரல் வரை ரயிலில் வந்துவிட்டால், அங்கிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் எப்படிப் போவது என்று சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டல்களுக்கு நடையே போதும், சார். நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக ஜாலான் துன் சம்பந்தனில் இறங்கினால் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலானவை வந்துவிடும். ஐந்நூறு மீட்டருக்குக் கிரேப் போடுகிறவர்கள் உண்டு. மாலை ஆறு மணிக்கு அந்த ஒருவழிச் சாலைகளைச் சுற்றி வருவதற்குள் நடந்தவர் குளித்து முடித்திருப்பார்.

புக்கிட் பிந்தாங்கிற்கு இரண்டு வழி. மோனோரயிலில் ஐந்தாவது நிறுத்தம். போகும் வழியில் நம்ம ஊரில் பிறந்த துன் சம்பந்தனின் பெயரில் ஒரு நிலையம் வரும், வருகிறவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். ஆனால் மோனோரயில் பெட்டிகள் சிறியவை, ஜேம் நேரத்தில் ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏற வேண்டியிருக்கும். பெட்டி இருந்தால் எம்ஆர்டி ரயில் மேல். முசியம் நெகாரா நிலையத்திற்கு மூடிய நடைபாதையில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அங்கிருந்து பாசார் செனி, மெர்டேக்கா, அடுத்தது புக்கிட் பிந்தாங். வண்டி பெரிது, மின்தூக்கியும் சரியாக இருக்கும்.

கேஎல்சிசிக்கு எல்ஆர்டி, ஐந்தாவது நிறுத்தம். சௌ கிட்டுக்கு மோனோரயில்.

முன்பணம் போட்டுத் தட்டும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று ஆளுக்கு இருந்தால் எல்லாவற்றிலும் தட்டிக்கொண்டு போகலாம். ஒரே அட்டையை நாலு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. டோக்கன் இயந்திரத்துக்குச் சிறிய நோட்டுகள் வைத்திருங்கள், நூறு வெள்ளித் தாளை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பல்கலைக்கழக மாணவி: 55 வெள்ளி ரொம்ப அதிகம். மலிவா வேற வழி இருக்கா அண்ணா?

இருக்கிறது. பஸ் கேஎல் சென்ட்ரலுக்குப் பதினைந்து வெள்ளி அளவில். முதல் முனையத்தில் சி பிளாக் கார் நிறுத்தத்தின் தரைத்தளம், இரண்டாம் முனையத்தில் பேரங்காடியின் முதல் தளம். சாதாரணமாக ஒரு மணி நேரம். ஜேமில் ஒன்றரை, இரண்டு ஆகலாம், ஏனென்றால் அதுவும் அதே சாலைதான்.

பலருக்குத் தெரியாத வழி புத்ராஜெயா. விமான நிலையத்தில் எக்ஸ்பிரஸில் ஏறாமல் கேஎல்ஐஏ டிரான்சிட்டில் ஏறி, புத்ராஜெயா நிறுத்தத்தில் இறங்க வேண்டும். கட்டணம் பத்து வெள்ளியை ஒட்டி. அதே இடத்தில் எம்ஆர்டி புத்ராஜெயா தடம் தொடங்குகிறது, 2023 மார்ச்சில் முழுதாகத் திறந்தது. அதில் சில வெள்ளிக்கு டிஆர்எக்ஸ், கேஎல்சிசி, கோலாலம்பூர் மருத்துவமனை வரை ஒரே வண்டியில் போகலாம். நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தில் எக்ஸ்பிரஸை விட நேரம் அதிகம், ஆனால் ஜேம் கிடையாது, செலவு மூன்றில் ஒரு பங்கு. தொடக்க நிலையம் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். எம்ஆர்டி புத்ராஜெயா தடம் கேஎல் சென்ட்ரலுக்குப் போகாது, அதை மறந்துவிட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டலுக்கு இந்த வழி வீண் சுற்று.

டிரான்சிட்டில் கேஎல் சென்ட்ரல் வரை போனால் கட்டணம் எக்ஸ்பிரஸைப் போலவே 55 தான். மலிவு என்று நினைத்து ஏறுகிறவர்கள் நிறைய.

டவுன் தாமான்வாசி: அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேணும். ரயிலுக்குக் கொண்டு போகலாமா?

ரயிலில் ஏறுவது கடினமில்லை, தளமும் பெட்டியும் ஒரே மட்டம். கேஎல் சென்ட்ரலுக்குப் பிறகு வரும் நடையும் கூட்டமும்தான் கடினம். அம்மாவுக்குக் கார்தான் என் தேர்வு, ஜேமிலும் கூட. டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், வெளியே வரும் வரை ஆள் துணைக்கு வருவார். கழிவறைக்குப் போய்விட்டு ஏறட்டும். நடுவழியில் நிறுத்த இடமில்லாமல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

கடைக்காரரே மறுபடியும்: வெளியே வந்தா "டெக்சி, டெக்சி"ன்னு ஆளுங்க சூழ்ந்துக்கிறாங்களாமே?

அவர்கள் ஓட்டுவது கெரெத்தா சாப்பு, அதாவது உரிமமில்லாத டெக்சி. பதில் சொல்லாமல் நடந்துவிடுவதே நல்லது. டெக்சி வேண்டுமென்றால் வருகைத் தளத்தில் உள்ள கூப்பன் முகப்பில் ஊர் பெயர் சொல்லி, தொகையைக் கட்டி, சீட்டை வாங்குங்கள். வண்டியில் பேரம் கிடையாது. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஐம்பது விழுக்காடு கூடுதல். பழைய டெக்சிகளில் பின் பெட்டியில் எரிவாயுக் கலன் இருக்கும், பெட்டிக்கு இடம் பாதிதான். கூப்பன் வாங்கும்போதே பெட்டி எத்தனை என்று சொல்லுங்கள்.

ஹீவுட் அக்காவின் மகள்: மழை பேஞ்சா?

கிரேப் விலை ஏறும், கார் கிடைக்காது, தாழ்வான சாலையில் தண்ணீர் நிற்கும். மாலை மழை நம் நாட்டில் நாலு ஐந்து மணிக்குத்தான் பிடிக்கும். மழையோடு வெள்ளிக்கிழமை மாலையும் சேர்ந்துவிட்டால் காரை மறந்துவிடுங்கள். நாலு பேராக இருந்தாலும் கேஎல் சென்ட்ரல் வரை ரயில்.

டோவன்பி பக்கத்துப் பெரியவர்: மறுநாள் அவங்க சுங்கை சிப்புட் வர்றதுக்கு?

கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் எனும் மின்சார விரைவு ரயில், ஐயா. ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம் அளவில், அதைத் தாண்டினால் நம் நிலையம். எல்லா இடிஎஸ்ஸும் இங்கே நிற்காது, டிக்கெட்டில் சுங்கை சிப்புட் என்றே போட்டு வாங்குங்கள். புக் செய்யக் கடப்பிதழ் எண் வேண்டும். தீபாவளி வாரத்திலும் பள்ளி விடுமுறையிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ரயில் கிடைக்காவிட்டால் பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து ஈப்போ பஸ். அது போய் நிற்கும் அமான்ஜெயா பஸ் நிலையம், ஈப்போ டவுனை விட நம் ஊருக்குத்தான் பக்கம். கார் எடுத்துப் போய் அழைத்து வருவதாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள், ஈப்போ ரயில் நிலையம் வரை போக வேண்டியதில்லை.