கடல் முள்ளெலியும் நட்சத்திர மீனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(சேலம் வாசகர் வட்டத்தில் வந்த கேள்விகள். பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்.)

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: ராமேஸ்வரம் போனபோது என் மகள் கடல் முள்ளெலி ஓடு ஒன்றை எடுத்து வந்தாள். மேல்பக்கம் நடுவில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோல் ஐந்து துளைகள். அவை என்ன சார்?

உங்கள் மகளுக்கு நல்ல கண். கடல் முள்ளெலி என்பது உடல் முழுக்க முள் கொண்ட உருண்டையான கடல் உயிரி. நடுவில் இருப்பது மலவாய் இருந்த இடம். சுற்றியுள்ள ஐந்தும் இனப்பெருக்கத் துளைகள். உள்ளே ஐந்து சுரப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். ஆணாக இருந்தால் அதன் வழியே வெள்ளையாக விந்து கசியும். பெண்ணாக இருந்தால் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ முட்டைகள் வரும். அதுவரை வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கஷ்டம். துளையுள்ள தகடுகளில் ஒன்று மட்டும் பொடிப்பொடி ஓட்டைகளோடு சல்லடையாக இருக்கும். லென்ஸ் வைத்துத் தேடச் சொல்லுங்கள், கண்டுபிடித்துவிடுவாள்.

ஏற்காட்டிலிருந்து பிளஸ் ஒன் மாணவர்: கடல் முள்ளெலி இணை சேராமல் விந்தையும் முட்டையையும் கடலில் விட்டுவிட்டால் எல்லாம் வீண்தானே ஐயா?

பெரும்பகுதி வீண்தான் தம்பி. அதனால்தான் லட்சக்கணக்கில் விடுகின்றன. உங்கள் ஊர் ஏரித் தவளைக்கும் கருவுறுதல் தண்ணீரில்தான், ஆனால் அங்கே ஆண் தவளை பெண்ணைக் கட்டிப்பிடித்திருக்கும். கடல் முள்ளெலிக்கு அது கிடையாது. ஆனாலும் நடப்பது குருட்டாம்போக்கில் அல்ல. ஒன்று விடத் தொடங்கினால், நீரில் கலந்த வேதிப்பொருளை உணர்ந்து அக்கம்பக்கத்தில் இருப்பவையும் விடும். முட்டையைச் சுற்றியுள்ள கூழிலிருந்து கசியும் பொருள் விந்தணுவைத் தன் பக்கம் இழுக்கும். அப்புறம் விந்தணு முனையில் உள்ள பைண்டின் என்ற புரதம் தன் இனத்து முட்டையில்தான் சரியாக ஒட்டும். முதல் விந்தணு சேர்ந்ததுமே முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மாறி மற்றவற்றைத் தடுத்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் முட்டையைச் சுற்றி ஒரு உறை எழும்பி நிற்கும். சாதாரண நுண்ணோக்கியிலேயே இதைப் பார்க்கலாம். விலங்கியலில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாவதை 1876-இல் ஜெர்மன் விலங்கியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக் விளக்கியதும் கடல் முள்ளெலி முட்டையை வைத்துத்தான்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: நட்சத்திர மீனை வெட்டிப் போட்டால் இரண்டாகிவிடுமா?

எல்லா இனத்திலும் ஆகாது. பெரும்பாலானவற்றுக்குக் கைகள் சேரும் நடுவட்டில் ஒரு பகுதியாவது ஒட்டியிருக்க வேண்டும். லிங்க்கியா இனங்கள் சிலவற்றில் மட்டும் தனிக் கை ஒன்றே முழு உடலாக வளரும்.

ஆத்தூரிலிருந்து ஒரு ஆசிரியை: நட்சத்திர மீன் குஞ்சும் ஐந்து கையோடுதான் பிறக்குமா?

இல்லை அம்மா. முட்டையிலிருந்து வரும் இளம் உயிரி நம்மைப்போல் இடம், வலம் என்று இரு பக்கம் உள்ளது. பல வாரங்கள் மிதந்து நுண்பாசிகளைத் தின்னும். கடல் முள்ளெலியில் அந்த உடலின் இடப்பக்கத்தில்தான் ஐந்து பக்க உடல் உருவாகிறது. அது தரையில் இறங்கி உருமாறும்போது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சில குளிர்கடல் நட்சத்திர மீன்கள் மட்டும் மிதக்கும் பருவமே இல்லாமல் தாயின் உடலடியில் குஞ்சுகளை வளர்க்கும்.