நிரந்தர இடம்: பொதுச்சபை ஓட்டு மட்டும் போதாது

வணக்கம் தம்பி. 'ஐ.நா. பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் இந்தியா பாதுகாப்பு அவையில் நிரந்தர உறுப்பினராகிவிடும்' என்று மாதிரித் தேர்வில் எழுதி மதிப்பெண் போனது, தவறு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரிதான். 193 நாடுகளில் 129 ஓட்டு வேண்டும். பொதுச்சபையில் யாருக்கும் வீட்டோ, அதாவது ஒரே ஓட்டில் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம், கிடையாது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். புதிதாக ஒரு நிரந்தர இடம் வர வேண்டுமானால் ஐ.நா. சாசனத்தையே திருத்த வேண்டும். ஐ.நா. சாசனத்தின் 108-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். திருத்தத்தை மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் தத்தம் நாட்டில் ஏற்புறுதி செய்ய வேண்டும், அதாவது சட்டமுறைப்படி இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) இருந்தே ஆக வேண்டும். சீனா மட்டும் ஏற்புறுதி செய்யாமல் கிடப்பில் போட்டாலே போதும், கதை முடிந்தது.

ஆனால் 1963-ஐயும் சேர்த்து எழுதுங்கள், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அது. பாதுகாப்பு அவையை 11 இடங்களிலிருந்து 15 ஆக்கும் தீர்மானத்தை சோவியத்தும் பிரான்சும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் நடுநிலை வகித்தன. இருந்தும் 97 நாடுகள் ஆதரித்ததால் அழுத்தம் கூடி, 1965-க்குள் ஐந்துமே ஏற்றுக்கொண்டன. கூடியவை நிரந்தரமல்லாத இடங்கள்தான் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

திருத்தி எழுதியதும் இங்கே போடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.