ஆணி குத்தாமலேயே டியூப்லெஸ் டயரில் காற்று இறங்குவது ஏன்?

குன்னூரில் நிறுத்தும் காரின் ஒரு டயரில் மட்டும், ஆணியோ கீறலோ இல்லாமலேயே காற்றழுத்தம் வாரத்துக்கு ஐந்தாறு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இறங்குவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ரிம்மைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டியூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மின் மேல் இறுக்கமாகப் பதிவதால்தான் காற்று உள்ளே நிற்கிறது. இரு பருவமழைகளும் பனிமூட்டமும் ஈரத்தை உலரவிடாத நீலகிரியில், பெயின்ட் உரிந்த இடத்தில் இரும்பு ரிம் துருவாகவும், அலாய் ரிம் வெள்ளை மாவு போன்ற அலுமினிய ஆக்சைடாகவும் பொங்கி, அந்த விளிம்பை மயிரிழை அளவு தூக்கிவிடுகின்றன. குளிரால் இறங்குவது வேறு; வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும், வெயில் ஏறியதும் திரும்பிவிடும்.

சக்கரத்தைக் கழற்றி, இருபுற ரிம் ஓரங்களிலும் வால்வின் அடியிலும் சோப்பு நீரைத் தடவிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்; கடுகளவுக் குமிழிகள் ஓரிடத்தில் கொத்தாகத் திரண்டால் கசிவு அங்கேதான். டயரைப் பிரித்து, கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் அரிப்பைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, ரிம் சீலர் எனும் கசிவடைக்கும் பூச்சைப் பூசி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உள்ளே பஞ்சர் திரவம் ஊற்றினால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் அரிப்பு அடியில் தொடர்ந்து வளரும். ஆழமாகக் குழி விழுந்த ரிம்மை மாற்றிவிடுங்கள். அதுவரை, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் முன் ஒவ்வொரு முறையும் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.