எதைக் கவனிக்காமல் விடுவது?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் சம்பா சாகுபடி செய்கிறேன். விடிந்தால் மேட்டூர் நீர்மட்டம், வாட்ஸ்அப் குழுக்களில் மழைச் செய்தி, யூடியூபில் புதுப்புது மருந்து, உரக்கடைக்காரரின் யோசனை என்று எல்லாவற்றின் பின்னாலும் மனம் ஓடுகிறது. எந்த வேலையும் முழுமையாக நடக்கவில்லை. எதைக் கவனிப்பது, எதை விடுவது?
(வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: கவனிக்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது, ஆகவே எதை விடலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தொழிலில் இதற்கு முறையான கணக்கே உண்டு. வேளாண் துறையினர் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை என்பது, ஒரு பூச்சியை எதுவரை பொருட்படுத்தாமல் இருக்கலாம் என்பதற்கான எல்லைதான்.

இலைச்சுருட்டுப்புழுவையே எடுத்துக்கொள்வோம். நட்ட சில வாரங்களில் இலைகள் நீளவாக்கில் சுருண்டு, பச்சையம் சுரண்டப்பட்டு, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்போது யாருக்கும் மனம் பதறும். ஆனால் தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீத இலைகள் சேதமாகும் வரை மருந்து தேவையில்லை. பயிர் புதிய இலைகளை விட்டு அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். பூக்கும் தருணத்தில் அதே புழு கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலையைத் தாக்கினால் எல்லை 5 சதவீதமாகக் குறைகிறது, ஏனென்றால் மணி பிடிப்பதற்கான உணவில் கணிசமான பங்கை அந்த இலைதான் தயாரிக்கிறது.

பதற்றத்தில் முன்கூட்டியே அடிக்கும் மருந்து, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றுவிடும். சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். இல்லாவிட்டால் ஒன்று கண்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். புகையானை மட்டும் ஒருபோதும் அலட்சியப்படுத்தாதீர்கள். அது தண்ணீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில் அடைந்திருக்கும். வரப்பில் நின்றால் தெரியாது, சேற்றில் இறங்கிக் குத்துகளை விலக்கித்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தைத்தான் கைப்பேசி உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதே என் கவலை.

செய்திகளையும் இப்படியே அளந்து பாருங்கள்: இதைக் கேட்டால் இன்று நான் செய்யும் வேலை மாறுமா? மேட்டூரின் 120 அடியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது, நாற்று விடுவதா நேரடி விதைப்பா என்று முடிவெடுக்கும் வரை மிக முக்கியம். நடவு முடிந்தபின் உங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வரும் நாள் தெரிந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் கடைமடைக்கு வடிகால்தான் உயிர். வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

யூடியூப் மருந்துகளை இந்தப் பருவம் முழுவதும் விட்டுவிடலாம். உரக்கடைக்காரர் நல்ல எண்ணத்தோடே சொல்லலாம், ஆனால் உங்கள் வயலில் இறங்கி எண்ணிப் பார்த்தவர் அவரல்லர். சந்தேகம் வந்தால் பாதித்த குத்தை வேரோடு பிடுங்கி, உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கான கடைசி நாளை மட்டும் நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிப் பதிவான அடங்கல் வாங்கிவிடுங்கள்.