சாடைப் பேச்சும் ஓர் அணிதான்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு எடுத்துக்காட்டு உவமை அணியும் பிறிதுமொழிதல் அணியும் ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் 'போல' வருவதில்லை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
- வாசகி, தாராபுரம்

பதில்: 'போல'வைத் தேடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், அம்மணி. புலவர் சொல்ல வந்த விஷயம் பாட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

'அகர முதல எழுத்தெல்லாம்' குறளில் எழுத்துகளுக்கு அகரம் முதல் என்பது உவமை. உலகுக்கு ஆதிபகவன் முதல் என்பது பொருள். இரண்டுமே இருக்கின்றன, நடுவில் 'அதுபோல' மட்டும் இல்லை. அது எடுத்துக்காட்டு உவமை.

இனி 475ஆம் குறள்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். குறளில் இருப்பது அவ்வளவுதான். பகையைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அதிகாரம் 'வலியறிதல்' என்பதால், எளியவர்களே ஆனாலும் பலர் சேர்ந்து எதிர்த்தால் வலியவனும் தாங்கமாட்டான் என்று நாமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். உவமையை மட்டும் சொல்லிவிட்டுப் பொருளைக் கேட்பவர் தலையில் விடுவது பிறிதுமொழிதல்.

இதில் நம் பக்கத்துக் கிழவிகளை மிஞ்ச ஆளில்லை. இருட்டிய பிறகே வீடு திரும்பும் என் மாமாவை எங்கள் அம்மிச்சி நேராகத் திட்டியதே இல்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் பக்கம் திரும்பி, "மேயப்போன எருமை பொழுதோட கட்டுத்தறிக்கு வந்தாத்தான் கண்ணு தவுடு தண்ணி கெடைக்கும்" என்பார். மாமாவின் பெயரும் வரவில்லை, சோற்றுப் பேச்சும் வரவில்லை. ஆனால் மாமாவுக்கு விளங்கிவிடும். அதையே "எருமையாட்டத் திரியறான்" என்றிருந்தால் வெறும் உவமை. சண்டையும் வந்திருக்கும். (இந்த 'ஆட்டம்' நம் ஊர் உவம உருபு. தேர்வில் எழுதிவிட வேண்டாம், மதிப்பெண் போய்விடும்.)

கேள்வி: தற்குறிப்பேற்ற அணி என்றாலே மதுரைக் கோட்டைக் கொடிதானா? வேறு உதாரணமே இல்லையா?
- வாசகர், காங்கேயம்

பதில்: தூரப் போக வேண்டாம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி, கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கை காட்டுவதுபோல் அசையும் அல்லவா? அது வரும் அதே புறஞ்சேரி இறுத்த காதையில் கொடிக்குச் சற்று முன்னால் பாருங்கள். வையையில், அதாவது வைகை ஆற்றில், பூக்கள் மிதந்து வருவது இயல்பு. இளங்கோவோ, கண்ணகிக்கு நேரப்போவதை 'அறிந்தனள்போல்' வையை மலராடையைப் போர்த்திக் கண்ணீரை மறைத்தாள் என்கிறார். எனக்குக் கொடியைவிட இதுதான் பிடிக்கும். நம் கொங்கு நாட்டு நிரம்பைக்காரரான அடியார்க்கு நல்லாரின் உரையோடு படித்தால் இன்னும் ருசிக்கும்.

அப்புறம், தாராபுரம் அம்மணியும் கவனிக்க: இங்கே 'போல்' இருக்கிறது. ஆனாலும் இது உவமை அணி அல்ல. ஆற்றுக்கு ஒப்பாக இன்னொரு பொருளை இளங்கோ கொண்டுவரவில்லை. இயல்பாக நடப்பதற்குத் தாமாக ஒரு காரணத்தை ஏற்றுகிறார். அதுதான் தற்குறிப்பேற்றம்.