மேசை அதேதான், நிலம் ஆறு மடங்கு: 10 மி.மீ. வீரர்களோடு நவீன ஸ்கர்மிஷ்

கேள்வி: நானும் தம்பியும் ஒரு வருடமாக 28 மி.மீ. உயர மினியேச்சர்களை, அதாவது குட்டி வீரர் பொம்மைகளை வைத்து நவீன காலத்து ஸ்கர்மிஷ் (சில பேர் மட்டுமே மோதும் பகடைப் போர் ஆட்டம்) ஆடுகிறோம். பக்கத்துக்குப் பதினைந்து, இருபது பேர். இடம் என்று பார்த்தால் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான், 4 அடிக்கு 3 அடி. ஆட்டம் எப்போதும் ஒரே மாதிரி முடிகிறது. இரண்டாவது சுற்றிலேயே எல்லோரும் எல்லோரையும் சுட ஆரம்பித்துவிடுகிறோம், சுற்றி வளைத்துப் போக இடமே இல்லை. சின்ன அளவுக்கு மாறலாமா? 6 மி.மீ., 10, 15, எது நல்லது? கையில் இருக்கும் விதிநூல் வீணாகிவிடுமா? இன்னொன்று, நாங்கள் ஆடுவதைப் பார்த்து அப்பா "போர் என்ன விளையாட்டா?" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில்: தாராளமாக மாறுங்கள். 10 மி.மீ. வாங்குங்கள். விதிநூலில் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தால் போதும், அங்குலம் என்று போட்டிருக்கும் இடத்திலெல்லாம் சென்டிமீட்டர்.

ஏன் 10 என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு அங்குலம் 2.54 செ.மீ. உங்கள் 28 மி.மீ. வீரனை 2.54-ஆல் வகுத்தால் 11 மி.மீ. வருகிறது. அதாவது சென்டிமீட்டர் ஸ்கேலுடன் 10 மி.மீ. வீரனை வைத்தால், நூலை எழுதியவர் மனதில் வைத்திருந்த ஆளுக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. மாறுவது மேசை மட்டும்தான். 4 அடிக்கு 3 அடி என்பது, பழைய கணக்கில் 10 அடிக்கு ஏழரை அடி மேசைக்குச் சமமாகிவிடும். பரப்பளவில் ஆறு மடங்குக்கும் மேல். அந்த அளவு மேசையை யார் வீட்டுக் கூடத்தில் போட முடியும்?

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். உருவம் சின்னதானதும் கை பரபரக்கும். இருபது பேர் இருந்த இடத்தில் அறுபது பேரை இறக்கிவிடுவார்கள். மறுபடி நெரிசல், மறுபடி இரண்டாம் சுற்றிலேயே சுடுதல். ஆளைக் கூட்டாதீர்கள், கிடைத்த நிலத்தை நிலமாகவே விட்டுவையுங்கள். எனக்கு இது புரிய நான்கைந்து வருடம் ஆனது. வாங்கிக் குவித்த வீரர்களில் பாதிப் பேர் இன்னமும் பெயின்ட் காணாமல் டப்பாவில் கிடக்கிறார்கள்.

15 மி.மீ. உங்களுக்கு வேண்டாம். உருவம் அழகுதான், ஆனால் 1/100 அளவில், அதாவது நிஜத்தில் நூறில் ஒரு பங்காக வைத்தால், உங்கள் மேசை வெறும் 122 மீட்டருக்கு 91 மீட்டர். நவீன ரைஃபிளுக்கு அது முற்றம் மாதிரி. 6 மி.மீ. வேறு விஷயம். ஜி.எச்.க்யூ. கம்பெனியின் 1/285, ஹீரோயிக்ஸ் அண்ட் ராஸ் கம்பெனியின் 1/300, இரண்டையும் ஒரே மேசையில் கலந்து வைத்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. 1/300-இல் அதே மேசை 366 மீட்டருக்கு 274 மீட்டர், கவச வண்டிகளும் பீரங்கி வண்டிகளும் ஓடக்கூடிய இடம். ஆனால் ஆள் ஆளாக எடுத்து வைக்க 6 மி.மீ. சரிப்படாது, விரல் ஒருவனை எடுக்கப் போய் மூவரைச் சாய்த்துவிடும். நாலு பேரை ஒரே பேஸில் (அடித்தட்டில்) ஒட்டிக் குழுவாக நகர்த்தத் தயாரென்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

பேஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடையில் ஸ்டீல் வாசர் கேளுங்கள். எம்5 வாசரின் வெளி விட்டம் 10 மி.மீ., எம்6 என்றால் 12, எம்8 என்றால் 16. சாதாரண ரைஃபிள்காரனுக்கு எம்6. படுத்துக்கொண்டு இயந்திரத் துப்பாக்கி பிடித்திருப்பவனுக்கும் குழுத் தலைவனுக்கும் எம்8. நடு ஓட்டையை அடியில் செலோ டேப்பால் அடைத்து, மேலே ஃபெவிகாலில் குழைத்த சலித்த மணலைத் தடவினால் முடிந்தது. வாசரின் எடை இருப்பதால் மின்விசிறிக் காற்றுக்கு வீரன் சாயமாட்டான். டப்பாவின் அடியில் காந்தத் தாள் ஒட்டிவிட்டால் ஆடாமல் அசையாமல் ஊர் கொண்டுபோகலாம். பிடிக்கும்போது பேஸின் ஓரத்தைப் பிடிக்கப் பழகுங்கள். தலையைப் பிடித்துத் தூக்கினால் ஆறே மாதத்தில் ஹெல்மெட் பெயின்ட் உரிந்துவிடும்.

பெயின்ட்டில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்: நிஜ உடுப்பின் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய நிறத்தை எடுங்கள். சின்ன உருவத்தில் எந்த நிறமும் கறுத்துத் தெரியும். முகம், கை, துப்பாக்கி, ஹெல்மெட் நான்கும் தனித்தனியாகத் தெரிந்தால் ஒரு முழ தூரத்தில் அது வீரன்தான். கேமஃப்ளாஜ் கோடுகளைப் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நிலம். உங்கள் ஆட்டம் சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றுவதற்கு முக்கியக் காரணம் இது என்றே நினைக்கிறேன். 28 மி.மீ. மேசையில் மறைவு என்றால் வீடு, சுவர், பீப்பாய். 10 மி.மீ.யில் நிலத்தின் மேடுபள்ளமே மறைவாகிவிடும். பெயரில் 10 என்றாலும், 1/150 என்று வைத்துக்கொண்டால் நின்றிருக்கும் ஆள் 12 மி.மீ. உயரம். 3 மி.மீ. அட்டைப்பெட்டிக் காகிதம் இரண்டு அடுக்கு ஒட்டினால் 6 மி.மீ., நிஜத்தில் முக்கால் மீட்டருக்கு மேல், ஏறக்குறைய இடுப்பளவு. அதன் பின்னால் படுத்தவனைச் சமதரையில் இருப்பவனால் பார்க்க முடியாது. இப்படி ஒழுங்கில்லாமல் ஏழெட்டு அடுக்குகளை வெட்டிப் போட்டு, மேலே பழைய பச்சைப் போர்வையை விரித்துக் கையால் அழுத்திவிடுங்கள். மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடையில்லாமல் தெரியும் வழி ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், மற்ற பார்வையெல்லாம் 40 செ.மீ.க்குள் முறிய வேண்டும். இவ்வளவு சின்ன உருவத்தில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதில் சண்டைதான் வரும். ஆட்டத்துக்கு முன்பே எந்த ஓரம் பார்வையை மறைக்கும் என்று இருவரும் பேசி முடித்துவிடுங்கள்.

துப்பாக்கிக்கு அதிகபட்சத் தூரம் என்று நூலில் போட்டிருந்தால், நவீன ஆட்டத்துக்கு நான் அதை எடுத்துவிடுவேன். கண்ணில் பட்டால் சுடலாம். அந்தத் தூரத்தைத் தாண்டினால் ஒரு பகடை குறைவு, அவ்வளவே. கூடவே இன்னொரு வீட்டு விதி: சுற்றின் தொடக்கத்தில் எந்த எதிரியின் கண்ணிலும் படாத குழு, நகரும் தூரத்தில் இரு மடங்கு போகலாம். இந்த ஒற்றை விதி சுற்றி வளைத்துப் போவதற்கு உயிர் கொடுத்துவிடும்.

ஆடிப் பார்க்க நிஜ சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். 1982 ஃபாக்லாந்து போர், மே 31, டாப் மாலோ என்ற தனி வீடு. மரமே இல்லாத புல்வெளி நடுவே ஆளில்லாத மர வீடு. உள்ளே அர்ஜென்டினாவின் 602-ஆம் கமாண்டோ கம்பெனியைச் சேர்ந்த ஒரு டஜன் பேர் சொச்சம். பிரிட்டிஷ் ராயல் மரீன்ஸில், மலையிலும் பனிப் பிரதேசத்திலும் போரிடப் பயிற்சி தரும் பிரிவிலிருந்து 19 பேர் ஹெலிகாப்டரில் வந்து, கண்ணில் படாத தூரத்தில் இறங்கி நடந்தார்கள். ஏழு பேர் ஒரு பக்கத்தில் நின்று சுட, பன்னிரண்டு பேர் இன்னொரு பக்கத்திலிருந்து நெருங்க வேண்டும் என்பது திட்டம். ராக்கெட் பட்டு வீடு தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடி ஓடைப் படுகையில் இறங்கி, அங்கிருந்தும் விடாமல் சுட்டார்கள். கடைசியில் அர்ஜென்டினர் இருவர் இறந்தார்கள், மற்றவர்கள் சரணடைந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் காயம்தான், உயிரிழப்பு இல்லை.

உங்கள் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான சம்பவம் அமைவது கஷ்டம். ஆள் கணக்கு உங்களுடையதேதான், நிலம் போர்வை ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது, கட்டடமும் ஒன்றே ஒன்று. பிரிட்டிஷ் ரயில் மாடல்காரர்களின் 'N' கேஜ் என்ற அளவு 1/148, ஆகவே அந்த அளவு மர வீடு எதுவானாலும் 10 மி.மீ.க்குச் சரியாகப் பொருந்தும்.

இதில் ஒரு சுற்று எப்படிப் போகும் என்று பாருங்கள். சுடும் குழு ஏழு பேர், ஏழு பகடை. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பட்டது. நான்கு பட்டது என்று வைப்போம். வீட்டுக்குள் மறைவு இருப்பதால் எதிராளி நான்கு பகடை உருட்டுகிறார். 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தப்பித்தார். மூன்று தப்பின, ஒருவர் விழுந்தார். பெரும்பாலான நூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். நீங்கள் இன்னொன்று செய்யுங்கள்: தப்பியதோ தப்பாததோ, பட்ட நான்குக்கும் நான்கு பாசிமணியை வீட்டருகே வையுங்கள். ஒவ்வொரு மணியும் அந்தக் குழு திருப்பிச் சுடுவதில் ஒரு பகடையைத் தின்றுவிடும். சுற்று முடிவில் ஒவ்வொரு பாசிமணிக்கும் ஒரு பகடை உருட்டி, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அந்த மணியை எடுத்துவிடலாம்.

அதாவது ஒரு சுற்று சுடாமல் விட்டால் மணிகளில் பாதி காணாமல் போய்விடும். நெருங்கும் பன்னிரண்டு பேரும் மணி இருக்கும்போதே வெட்டவெளியைக் கடந்தாக வேண்டும். நெருங்க நெருங்க, சுடும் குழுவின் குறிக்குக் குறுக்கே தன் ஆட்களே வந்துவிடுவார்கள். அப்போது சுடுவதை நிறுத்தத்தான் வேண்டும். எப்போது நிறுத்துவது? இரண்டு பேர் மேசையருகே நின்று பத்து நிமிடம் யோசிப்பது இந்தக் கேள்வியைத்தான். பகடைகூட அதற்கு அப்புறம்தான்.

வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் வீரர்களை வைக்க வேண்டாம், ஐந்து சீட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். மூன்று உண்மை, இரண்டு வெறுமை. உங்கள் தம்பி எந்தச் சன்னலில் ஆள் இருக்கிறான் என்று தெரியாமல் தன் ஏழு பேரை எங்கே நிறுத்துகிறார் என்பதிலேயே ஆட்டம் பாதி தீர்மானமாகிவிடும்.

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. தமிழ் பேசும் வீடுகளில் நவீன போர் என்பது பலருக்குப் படித்த சங்கதி இல்லை, ஓடிவந்த சங்கதி. எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், பகடையைத் தொடவில்லை. ஒருநாள், "பொதுமக்கள் இருக்கிற வீட்டை மட்டும் மேசையில் வைக்காதீங்கோ" என்று சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் வைப்பதில்லை. புதிதாக யாராவது ஆட வந்தால், எந்தப் போர் என்று சொல்லி, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் மேசையை விரிக்கிறோம். டாப் மாலோ ஆடினால் இறந்த இருவரும் நிஜ மனிதர்கள் என்பதை ஆட்டம் தொடங்கும்முன் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்த வெட்டவெளியைப் பன்னிரண்டு பேர் கடப்பது எவ்வளவு கடினம் என்று அவரே பார்க்கட்டும்.

கடைசியாக, இப்போதே காசைச் செலவழிக்காதீர்கள். கெட்டி அட்டையில் 12 மி.மீ. வட்டங்கள் முப்பது சொச்சம் வெட்டி, இரண்டு நிறம் தீட்டி, போர்வையை விரித்து, சென்டிமீட்டர் ஸ்கேலோடு ஒரு சனிக்கிழமை மாலை ஆடிப் பாருங்கள். வட்டங்களை எடுத்து வைக்க விரல் தடுமாறினால் எம்8 அளவுக்கு, 16 மி.மீ.க்குப் போங்கள். முதல் துப்பாக்கிச் சத்தம் எத்தனையாவது சுற்றில் வந்தது என்று குறித்து வையுங்கள். நான்கு, ஐந்து என்று வந்தால் வீரர்களுக்கு ஆர்டர் போடலாம். இன்னும் இரண்டிலேயே வந்தால், போர்வைக்கு அடியில் அட்டை போதவில்லை.